பிள்ளைக்காக வளர்த்த தாடி

1

எங்கள் பெக்டரியில் சரவணன் என்று ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். சிலிம் ரிவர்க்காரன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடாமல் கன்னத்தையே சொறிந்துகொண்டிருந்தான்.

"என்னடா, எறும்பு கடிச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. வைஃப் மாசமா இருக்கா. பிள்ள பொறக்கற வரைக்கும் மொகத்துல கத்தி வைக்கக்கூடாதுன்னு மாமியாரு சொல்லிட்டாங்க. அரிப்பு தாங்க முடியலண்ணே, பைத்தியமே புடிச்சிரும் போல லா. ஆபிஸ்ல மாட்டியிருக்கற போட்டோல உங்களுக்கு பெரிய தாடி இருக்கே. எப்படிண்ணே சமாளிச்சீங்க?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் சோற்றைப் பார்த்தார்கள். பாவம், அவனுக்கு மட்டும்தான் தெரியாது.

"ராத்திரி தேங்காண்ணெ தேச்சிட்டு படு. ரெண்டு வாரம் பொறுத்துக்க. அப்புறம் தன்னால மெத்துனு ஆயிரும்" என்றேன். அவன் சந்தோஷமாகச் சாப்பிட ஆரம்பித்தான். அவனிடம் அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தாடி வளர்ப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது நாம் நினைத்த மாதிரி வராது. எனக்கு மோவாயில் புதர் மாதிரி வந்தது. வலது கன்னத்தில் நன்றாக வந்தது. இடது கன்னத்தில் ஓர் இடம் மட்டும் மொட்டையாகவே நின்றுவிட்டது. என் மனைவி தேவி அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் டெவலப்பர் வந்து எஸ்டேட்ட அழிச்சிட்டான் போல" என்றாள். அவள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்தை வீடு கட்ட விற்றதும் ஈப்போ பக்கத்து லகாட்டுக்கு வந்துவிட்டார்கள். அதனால் அவளுக்கு எல்லாவற்றுக்கும் எஸ்டேட் உதாரணம்தான் வரும்.

அடுத்தது அரிப்பு. முளைக்கும்போது முடியின் நுனி கூராக இருக்கும், திரும்பி நம் தோலையே குத்தும். அதைத் தாண்டினால் சாப்பாட்டுத் தொல்லை. இங்கத்து ஆற்றின டீ, தே தாரிக் குடித்தால் நுரை மீசையில் நின்றுவிடும். நெஞ்சில் ரசம் ஒழுகும். மோட்டார் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட் வார் முடியைக் கவ்விக்கொள்ளும். இங்கே சாயங்காலமானால் மழை. நம் ஊர் வெயிலில் என்றால் நனைந்த தாடி டீக்கடை போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும். ஈப்போவில் காயாது. ஒரு வாடை வரும். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. நான் வேலை செய்வது சிம்பாங் பூலாயில். மலையை உடைத்துக் கொண்டுவருகிற சுண்ணாம்புக் கல்லை மாவாக அரைக்கிற பெக்டரி. அரவை நடக்கிற இடத்தில் ரப்பர் விளிம்பு வைத்த மாஸ்க் போட வேண்டும். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, தூசி உள்ளே போய்விடும். சூப்பர்வைசர் ரஹிம் மலாய்க்காரர். என் தாடியைப் பிடித்துக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், மனைவி மாசமாக இருக்கிறாள், பிள்ளை பிறக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது, எங்கள் பழக்கம் என்று சொன்னேன். அவர் தாடியிலிருந்து கையை எடுத்தார்.

"பிள்ளை பொறந்தா எடுத்துருவதான?"

"மறுநாளே எடுத்துருவேன் என்சிக்" என்றேன். மலாயில் ஐயா என்று அர்த்தம்.

வெளியே லாரிக்கு மேல் தார்ப்பாய் கட்டுகிற வேலைக்கு என்னை மாற்றிவிட்டார். நல்ல மனுஷன். இருந்தாலும் மாவு பறந்து வந்து உட்காரத்தான் செய்யும். வீட்டுக்குப் போனால் தேவி கதவைத் திறந்து, "மா, யாரோ தாத்தா வந்திருக்காரு" என்று உள்ளே பார்த்துச் சொல்லுவாள்.

அந்தச் சமயத்தில்தான் விசா புதுப்பிக்கப் போனோம். நான் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவன். என் மாமியார் எனக்குத் தூரத்து அத்தை முறை. கோயில் சுற்றுலாவுக்கு அறந்தாங்கிப் பக்கம் வந்தபோது பேச ஆரம்பித்து கல்யாணத்தில் முடிந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் இமிகிரேஷனுக்கு மனைவியைக் கூடவே அழைத்துப் போக வேண்டும். கவுண்டரில் இருந்த அம்மாள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். படத்தில் இருப்பவன் ஒல்லியாக, மழுங்கச் சிரைத்த முகத்தோடு இருக்கிறான். தேவியைப் பார்த்து, இவர்தான் உன் வீட்டுக்காரரா என்று மலாயில் கேட்டார்.

"அதே ஆளுதான். இன்னும் மாத்தல" என்றாள் தேவி.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். எட்டித் தேவியின் வயிற்றைப் பார்த்து, எத்தனை மாசம் என்று கேட்டார். சாப்பாட்டில் என்ன தள்ள வேண்டும் என்று ஏதேதோ சொன்னார். பின்னால் வரிசை நின்றுகொண்டே இருந்தது. எனக்கு அந்த ஆபிஸில் பயம் இல்லாமல் நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து தேவி காதருகே கத்திக்கொண்டு வந்தாள். "பிள்ள ஒங்கள மலாயில பாபான்னுதான் கூப்பிடப் போது, பாத்துக்கிட்டே இருங்க."

"அப்பான்னு கூப்பிடலன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"பாக்காம எங்க போவீங்களாம்?"

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அவள் அக்கா பிள்ளைகள் மழலைப் பள்ளிக்குப் போன நாளிலிருந்து வீட்டில் மலாய்தான். நான் வந்த புதிதில் சின்னவனிடம் "சாப்டியா?" என்று கேட்டேன். "சூடா" என்றான். "ஆற வெச்சு சாப்புடு சாமி" என்றேன். வீடே சிரித்தது. மலாயில் அதற்கு 'ஆயிற்று' என்று அர்த்தமாம். என் பிள்ளையோடும் இப்படித்தான் தடுமாறப்போகிறேன் என்று நினைத்தேன். அந்தத் தடுமாற்றத்துக்கு ஆசையாகக் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

3

எனக்கு இந்தத் தாடி விஷயம் பிடிபட்டது அண்ணனிடமிருந்து. அண்ணன் செல்வம் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அண்ணி மாசமாக இருந்தபோது நெஞ்சு வரைக்கும் தாடி. அவர் ஆட்டோவுக்கே 'சாமியார் வண்டி' என்று பெயர் ஆகிவிட்டது. "சாமி, கட்டுமாவடி போவுமா? இல்ல நேரா கைலாசந்தானா?" என்று காய்கறி விற்கிற பெண்கள் கேட்பார்கள். அண்ணனும் விடமாட்டார். "ஏறு தாயி, எறங்கறப்ப தெரியும்" என்பார். நான் அப்போது ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனர். மதியம் வண்டி நிற்கிற நேரத்தில் அண்ணன் ஆட்டோவில் போய்க் கால் நீட்டிப் படுத்துக்கொள்வேன். டீசல் வாசமும் வறுத்த கடலை வாசமும் அவருடைய தேங்காய் எண்ணெய் வாசமும் ஒன்றாக வரும். இன்றைக்கும் யாராவது தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்தால் எனக்கு முன்னால் அந்த பஸ் ஸ்டாண்டு வந்து நிற்கிறது. புதுக்கோட்டை, புதுக்கோட்டை என்று கண்டக்டர் கூவுவதுகூடக் கேட்கிறது.

பெண் பிறந்த அன்றைக்கு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மா வார்டு வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இந்த மூஞ்சியோட போனா பிள்ள பயந்துக்கும். போ, எடுத்துட்டு வா."

"ஒரு தடவ பாத்துட்டுப் போறேம்மா."

"பாக்கறதெல்லாம் அப்புறம். மொதல்ல எடு."

பஸ் ஸ்டாண்டு பக்கத்து சலூனில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அண்ணனைப் பார்த்ததும் ஒருத்தர், "அப்பன் ஆயிட்டான்யா, அவன மொதல்ல விடுங்கப்பா" என்றார். நாற்காலியில் பாதி சவரத்தோடு இருந்தவர் அப்படியே சோப்பு நுரையுடன் எழுந்து இடம் கொடுத்தார். அண்ணனுக்கு உட்காரப் பொறுமை இல்லை. தலையை ஆட்டி ஆட்டி மோவாயில் வெட்டு வாங்கிக்கொண்டார். அதில் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடி ஓட்டம். வார்டில் அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டி, "இந்தா பாத்துக்க, ஒங்கப்பன் மூஞ்சி இதுதான்" என்றாள். அண்ணன் கன்னம் வெளுத்துப்போய், வெட்டுக் காயத்தோடு நின்றார்.

நானும் ஒருநாள் இப்படிச் சவரம் செய்த முகத்தோடு வார்டுக்குள் ஓடுவேன் என்று அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன்.

4

ஏழாவது மாதத்தில் ஒரு காலை தேவி எழுந்து கட்டிலில் உட்கார்ந்தபடி, "பிள்ள அசையலங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்த டாக்டர், திரையை எங்கள் பக்கத்திலிருந்து மெதுவாகத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் அதிகம் எழுதப் போவதில்லை. பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றித் தேவியிடம் காட்டினார், பிறகு என்னிடம் கொடுத்தார். நான் தாடியோடுதான் அவளைப் பார்த்தேன்.

லகாட் பக்கத்து மயானத்தில் அடக்கம் செய்தோம். தேவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். நானும் மாமியாரும் தேவியின் அக்கா வீட்டுக்காரரும்தான் போனோம். பெரியவர்கள் செத்தால் எந்த நாளில் பால் தெளிக்க வேண்டும், எந்த நாளில் கருமாதி, யார் மொட்டை போட வேண்டும் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். அழுகிறவனைக்கூடக் கையைப் பிடித்து, இப்போது இதைச் செய், அடுத்து இதைச் செய் என்று நடத்திக் கொண்டுபோய் விடுவார்கள். இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. கோயில் பூசாரியிடம் கேட்டேன்.

"வயித்துலயே போன பிள்ளைக்கு ஒன்னும் கெடையாது தம்பி. பால ஊத்திட்டு, தல குளிச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

"இந்தத் தாடிய எப்ப எடுக்கணும் சாமி?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியலயே" என்றார். பொய் சொல்லாமல் சொன்னாரே என்று இப்போதும் அவர்மேல் எனக்கு மரியாதை.

ஊருக்குப் போன் பண்ணினேன். அம்மா அழுதாள். "எடுத்துருப்பா. அத வச்சிக்கிட்டு இருக்காத" என்றாள். எடுத்துவிடலாம். ஆனால் அதை எடுப்பது பிள்ளை பிறந்த பிறகு அப்பன் செய்கிற காரியம். சலூனில் மற்றவர்கள் எழுந்து இடம் கொடுக்கிற காரியம். எடுத்துவிட்டு நான் எந்த வார்டுக்கு ஓடுவேன்?

5

தாடி மேலும் வளர்ந்தது. இங்கே எஸ்டேட் வழி வந்த குடும்பங்களில் கல்யாணமான பையன் தாடி விட்டால் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். வீட்டில் விசேஷம் என்று எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்ட மாதிரிதான். பெட்ரோல் போடுகிற இடத்தில் கேட்பார்கள். மார்க்கெட்டில் கேட்பார்கள். முன்பு அது பெருமையாக இருந்தது. நடந்ததைத் தெரியாதவர்கள் இப்போதும் கேட்டார்கள்.

"மச்சான், எத்தன மாசம்?"

"ஏழு."

ஏழு என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுதான் வாயில் வந்தது. கேட்டவர்கள் சிரித்துவிட்டு, நல்லா பாத்துக்க என்று சொல்லிப் போய்விடுவார்கள். நானும் சரி என்பேன்.

லகாட்டில் நான் காலையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிற கடை மாரியண்ணனுடையது. வாய்த் துடுக்கான மனுஷன், யாரையும் சும்மா விடமாட்டார். ஒருநாள் மாவை வீசிக்கொண்டே கேட்டார்.

"எத்தன மாசம்டா?"

"ஏழுண்ணே."

"டேய், போன மாசம் கேட்டப்பயும் ஏழுன்னுதான சொன்ன? என்னா லா, ஆனக்குட்டியா பெத்துக்கப் போறீங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. "பிள்ள தவறிருச்சுண்ணே" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு கையில் இருந்த தட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாரியண்ணன் அடுப்பைத் தணித்தார். வெளியே வந்து என் எதிரே உட்கார்ந்தார். கல்லில் இருந்த ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அதே வாரம் ரஹிமும் கூப்பிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும், அடக்கத்துக்கு லீவு கொடுத்தவரே அவர்தான். தார்ப்பாய் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான், அரவையில்தான் இடம் இருக்கிறது, அங்கே மாஸ்க் இல்லாமல் விட முடியாது என்றார். "உன் நெஞ்சுக்குள்ள கல்லுமாவு போறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. திங்கக்கெழம சவரம் பண்ணிட்டு வா. இல்லன்னா வேற வேல தேடிக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வீட்டில் மாமியார், "எடுத்துருங்க மாப்ள, அவ அதப் பாத்துப் பாத்து உருகுறா" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தேவி பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், டிவி பார்த்தாள். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. தாடியை வைத்திருந்தால் அவளுக்கு வலிக்குமா, எடுத்தால் வலிக்குமா என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளையோடு இவளும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம். குளியலறைக் கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நின்றேன். கதவைச் சாத்த மறந்துவிட்டேன். மோவாய்க்குக் கீழே ஒரு பிடி பிடித்து வெட்டப் போனபோது தேவி வாசலில் நிற்பதைப் பார்த்தேன்.

"என்னா பண்றீங்க?"

"நாளைக்கு வேலைக்குப் போவணும்."

"அதுக்கு? இப்படித்தான் கக்கூசுல நின்னுக்கிட்டு எடுப்பாங்களா?" கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். "சட்டய மாத்துங்க. கடைக்குப் போலாம். நானும் வாரேன்."

ஈப்போ டவுனில் நம் ஆட்கள் வேலை செய்கிற முடிவெட்டும் கடை ஒன்று இருக்கிறது. ஆண்கள் மட்டும் போகிற இடம். தேவி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் காலை மடக்கிக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்த ஆள் ராமநாதபுரத்துக்காரர். அந்தப் பேச்சைக் கேட்டதுமே எனக்குப் பாதி ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. துண்டைப் போர்த்திவிட்டு, தாடியைக் கையில் ஏந்திப் பார்த்தார். பெஞ்சில் இருந்த தேவியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆஹா. நல்லபடியா ஆச்சா? என்ன கொழந்த?"

கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"பொண்ணு."

"மகாலச்சுமி வந்துட்டா. யாரு சாயலும்மா? ஒங்கள மாதிரியா, தம்பி மாதிரியா?"

"மூக்கு என்ன மாதிரி. முடி அவர மாதிரி. நெத்தி மறைக்கிற அளவுக்கு முடி." தேவி தன் நெற்றியில் விரலை வைத்துக் காட்டினாள். "பொறக்கறதுக்கு முன்னாலயே தவறிட்டாண்ணே. ஏழு மாசத்துல."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். பேப்பர் படித்தவர்கள் பேப்பரை இறக்கினார்கள். யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"தெரியாமக் கேட்டுட்டேன் தாயி. மன்னிச்சிரு."

"இல்லண்ணே. கேட்டது நல்லதுதான். ஆணா பொண்ணான்னுகூட இதுவரைக்கும் யாரும் கேக்கல."

உண்மைதான். தெரிந்தவர்கள் எல்லோரும் எங்களை நோகடிக்கக் கூடாது என்று ஒன்றும் கேட்காமல் இருந்தார்கள். நானும் அவளிடம் அப்படித்தான் இருந்தேன்.

அவர் மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தார். வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் சின்னக் குரலில் கேட்டார். "பேரு வச்சிருந்தீங்களாம்மா?"

நாங்கள் பேர் வைக்கவில்லை. நாள் இருக்கிறதே என்று தள்ளிப் போட்டிருந்தோம். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"லோஷினி" என்றாள் தேவி.

எனக்கு அப்போதுதான் தெரியும். எப்போது வைத்தாள், ஆஸ்பத்திரியிலா, அதற்குப் பிறகு டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளிலா, நான் கேட்கவில்லை. ராமநாதபுரத்துக்காரர் அந்தப் பேரை ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வெட்ட ஆரம்பித்தார். முதலில் கத்தரிக்கோல், அப்புறம் சோப்பு, அப்புறம் கத்தி. அவசரமே படவில்லை. ஓர் இடத்தில்கூட வெட்டுப் படவில்லை. கண்ணாடியில் தேவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தாள். கீழே மடியில் முடி விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அழுதோம். கடையில் யாரும் எங்களைத் தேற்ற வரவில்லை, அது நன்றாக இருந்தது.

அங்கிருந்து நேராக லகாட் மயானத்துக்குப் போனோம். தேவி அந்த இடத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மழை பெய்து மண் இறங்கியிருந்தது. நான் குனிந்து, சவரம் செய்த முகத்தைக் காட்டினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காட்டினேன்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணி, எடுத்தாச்சு என்றேன். பேரையும் சொன்னேன். அம்மாவுக்குக் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன்.

"லோசினியா? அது எந்த ஊருப் பேருப்பா? நம்ம பக்கம் கேள்விப்பட்டதில்லயே."

"ஈப்போப் பேரும்மா. அவ இந்த ஊருக்காரிதான."

அம்மா போனுக்குள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள். "லோ. ஷி. னி. இப்பச் சரியா இருக்காப்பா?"

"சரியா இருக்கும்மா" என்றேன்.